மின்சாரக் கார் ஆலை எங்கே முளைக்கும்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: டெஸ்லா போன்ற மின்சாரக் கார் நிறுவனம் தன் அடுத்த ஆலையை எந்த ஊரில் கட்டும்? யார் அதிகச் சலுகை கொடுக்கிறார்களோ அங்கேதானே போவார்கள்?

இரண்டாவது கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. சலுகை கடைசிச் சுற்றில் வருவது. இரண்டு இடங்கள் எல்லா வகையிலும் சமமாக நிற்கும்போது தராசை ஒரு பக்கம் சாய்க்க உதவும். முதல் கேள்விக்கான பதில் பலருக்கும் ஏமாற்றம் தரலாம். டெஸ்லா முற்றிலும் புதிய ஊரில் புதிய கார் ஆலை எதையும் இப்போதைக்குக் கட்டாது என்றே நினைக்கிறேன்.

காரணம் எளிய கணக்கு. ஃப்ரீமான்ட், ஷாங்காய், பெர்லினை அடுத்த க்ரூன்ஹைடெ, டெக்சாஸின் ஆஸ்டின் ஆகிய நான்கு இடங்களிலும் இருக்கிற ஆலைகளின் மொத்தத் திறன் ஆண்டுக்குச் சுமார் 23 லட்சம் கார்கள் என்று நிறுவனமே சொல்கிறது. விற்றதோ 2023-ல் 18.1 லட்சம், 2024-ல் 17.9 லட்சம், 2025-ல் 16.4 லட்சத்தை ஒட்டி. இருக்கிற அடுப்பில் கால்வாசிக்கு மேல் எரியாமல் கிடக்கும்போது யாரும் புது அடுப்பு கட்டுவதில்லை. 2030-க்குள் ஆண்டுக்கு 2 கோடி கார்கள் என்று ஒரு காலத்தில் இலக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை நம்பியவர்கள்தான் உலக வரைபடத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆலைகளுக்கு இடம் தேடினார்கள். அந்த இலக்கைப் பற்றி இப்போது நிறுவனமே பேசுவதில்லை.

ஆனால் கேள்வி வீண் அல்ல. மின்சாரக் கார் செய்யும் வேறு பல நிறுவனங்கள் இந்த நிமிடமும் நிலம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பது இதுவரை கட்டிய ஆலைகளையும் கட்டாமல் விட்ட ஆலைகளையும் பார்த்தாலே தெரியும். கட்டாமல் விட்டவைதான் அதிகம் சொல்லிக்கொடுக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது சுங்கவரி என்கிற மதில். 2018 ஜூலையில் நடந்ததைக் கவனியுங்கள். சீனா அந்த மாதம் 1-ஆம் தேதி எல்லா நாட்டுக் கார்களுக்குமான இறக்குமதி வரியை 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தது. அமெரிக்காவுடன் வர்த்தகச் சண்டை முற்றியதும், ஐந்தே நாளில், அமெரிக்காவில் செய்த கார்களுக்கு மட்டும் அதை 40 சதவீதமாக ஏற்றியது. அதற்கு நான்கு நாள் கழித்து, ஜூலை 10 அன்று, டெஸ்லா ஷாங்காய் நகர அரசுடன் ஆலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பேச்சுவார்த்தை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது உண்மை. வெளிநாட்டுக் கார் நிறுவனம் உள்ளூர்ப் பங்காளியோடுதான் வரவேண்டும் என்ற விதியை மின்சாரக் கார்களுக்குச் சீனா அதே ஆண்டு தளர்த்தியிருந்தது. என்றாலும் அந்த 40 சதவீதம் விழுந்த பிறகு யோசிக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை. 2019 ஜனவரி 7 அன்று லிங்காங் பகுதியில் சேற்று நிலத்தில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்கு ஒரு நாள் இருக்கும்போதே முதல் கார்களை ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதே நாடகம் இப்போது திசைமாறி நடக்கிறது. மதிலுக்கு வெளியே நிற்பவை சீன நிறுவனங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் சீன மின்சாரக் கார்களுக்கான மானியங்கள் பற்றி விசாரணை அறிவித்தது. டிசம்பரிலேயே பிஒய்டி ஹங்கேரியின் செகெட் நகரில் ஆலை கட்டப்போவதாகச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் வரி வந்தபோது வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 என்று விழுந்தது. ஷாங்காயிலிருந்து வரும் டெஸ்லாவுக்கும் 7.8 உண்டு. துருக்கி 2024 ஜூனில் சீனக் கார்களுக்குக் கூடுதல் வரி 40 சதவீதம் என்றது. அடுத்த மாதமே மனிசா மாகாணத்தில் 100 கோடி டாலர் முதலீட்டில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கார்களுக்கான ஆலை என்று பிஒய்டி கையெழுத்திட்டது. பிரேசில் மின்சாரக் கார் வரியைப் படிப்படியாக 35 சதவீதம் வரை உயர்த்தத் தொடங்கியது. ஃபோர்டு 2021-ல் கைவிட்டுப் போன காமசாரி ஆலை பிஒய்டியின் கைக்கு வந்தது. வரைபடத்தில் எங்கெல்லாம் புதிதாக மதில் எழுகிறதோ அங்கெல்லாம் உட்புறமாக ஓர் ஆலை முளைக்கும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். மதில் கட்டுகிறவரே கதவைத் திறந்துவிடவும் கூடும், இன்னொரு பக்கம் புதிய மதில் எழுப்பவும் கூடும். மெக்சிகோவின் கதை அதுதான். 2023 மார்ச் 1 அன்று டெஸ்லா மான்டெரே நகருக்கு அருகே சான்டா கேட்டரீனாவில் அடுத்த பேராலை என்று அறிவித்தது. இடம் கச்சிதமானது. அமெரிக்க எல்லை பக்கம், வடஅமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்குள், கார் பாகம் செய்கிறவர்கள் ஏற்கனவே நிறைந்திருக்கும் பகுதி. டெஸ்லாவுக்குப் பாகம் கொண்டுவரும் லாரிகளுக்கென்று நுவோ லியோன் மாநில அரசு எல்லைச் சாவடியில் தனி வழியே ஒதுக்கியிருந்தது. பிறகு அமெரிக்கத் தேர்தல் வந்தது. மெக்சிகோவில் செய்யும் கார்களுக்குப் பெரும் வரி போடுவேன் என்று டிரம்ப் பேசத் தொடங்கினார். 2024 ஜூலையில் ஈலான் மஸ்க் திட்டத்தை நிறுத்திவைத்ததாகச் சொன்னார். 2025-ல் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீத வரி உண்மையிலேயே வந்தது. ஆலை நாற்பது ஆண்டு நிற்கும் பொருள். அதைத் தீர்மானிக்கும் வரியோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆடும் பொருள். இந்தத் தொழிலின் மிகப் பெரிய தலைவலி இதுதான் என்பது என் எண்ணம். நிலத்தின் விலையோ தொழிலாளரின் கூலியோ இதற்கு அருகில்கூட வராது.

அடுத்து பேட்டரி. சாதாரணக் கார் ஆலை எஞ்சினை வேறொரு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ தருவித்துக்கொள்ளலாம். மின்சாரக் காரின் பேட்டரிப் பெட்டி மட்டுமே 400, 500 கிலோ இருக்கும். அதற்குள் அடுக்கும் லித்தியம் செல்கள் சரக்குப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான பொருள் வகையில் வருகின்றன. காரின் மொத்தச் செலவில் பெரும்பங்கும் பேட்டரியே. அதனால் செல் ஆலையும் கார் ஆலையும் ஒன்றையொன்று இழுக்கும். டெஸ்லா 2014-ல் தன் பேட்டரி ஆலைக்கு நெவாடாவைத் தேர்ந்தெடுத்தபோது அங்கிருந்து ஃப்ரீமான்டுக்கு ரயிலும் நெடுஞ்சாலையும் இருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. செல் செய்ய பானசோனிக் அதே கூரையின் கீழ் வந்தது. ஹங்கேரியைப் பாருங்கள். சீனாவின் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் டெப்ரட்சென் நகரில் 730 கோடி யூரோ முதலீட்டில் செல் ஆலை அறிவித்த பிறகு அந்த நாடே கார் நிறுவனங்களின் கண்ணுக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. பூவோடு சேர்ந்த நார் என்பார்களே, அதுதான்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லவேண்டும். தாது கிடைக்கும் நாட்டில்தான் ஆலை வரும் என்று நினைப்பது. இந்தோனேசியாவில் நிக்கல் குவிந்திருக்கிறது. 2020-ல் தாது ஏற்றுமதிக்குத் தடைபோட்டு, இங்கேயே வந்து பேட்டரி செய்யுங்கள் என்றார்கள். டெஸ்லா வரப்போகிறது என்று செய்திகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. இதற்கிடையே நிக்கலே தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மலிவுக் கார்களைப் பிடித்துக்கொண்டன. வேதியியல் மாறும் வேகத்தில் ஆலை இடம் மாற முடியாது. சுரங்கத்தை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். தாதுவைச் சுத்திகரித்து, செல்லாக்கி, பெட்டியாக அடுக்கும் சங்கிலியில் சுரங்கம் முதல் கண்ணி மட்டுமே. நடுவில் இருக்கிற கண்ணிகளில் பெரும்பகுதி இன்றும் சீனாவில் இருக்கிறது.

மூன்றாவது சல்லடை மின்சாரமும் தண்ணீரும். கார் ஆலையில் பிரஸ், வெல்டிங், பெயின்ட், அசெம்பிளி என்று பிரிவுகள் உண்டு. டெஸ்லா பெரிய அச்சுவார்ப்பு எந்திரங்களைக் கொண்டுவந்து, மாடல் ஒய் காரின் பின்பகுதி அடிச்சட்டத்தில் 70-ஐ ஒட்டிய துண்டுகளை ஒரே வார்ப்பாக மாற்றியது. அதனால் வெல்டிங் பிரிவு சுருங்கியது. பெயின்ட் பிரிவு மட்டும் யாருக்கும் சுருங்கித் தரவில்லை. தண்ணீரும் சூட்டு அடுப்புகளுக்கான ஆற்றலும் அதிகம் போவது அங்கேதான், சுற்றுச்சூழல் அனுமதி சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். செல் ஆலைக்கு வேறு சிக்கல். எலும்பு உலரும் அளவுக்கு ஈரமற்ற காற்றைப் பெரிய அறைகளில் இரவும் பகலும் காக்கவேண்டும், அதற்கு மின்சாரம் ஆறாக ஓடவேண்டும். வட சுவீடனின் ஷெலெஃப்தியோவில் மலிவான நீர்மின்சாரத்தை நம்பி நார்த்வோல்ட் தன் செல் ஆலையைக் கட்டியது. இடத் தேர்வில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் தரமான செல்லைப் போதிய எண்ணிக்கையில் செய்ய முடியாமல் 2025 மார்ச்சில் திவாலானது. நல்ல இடம் நல்ல ஆலையாகிவிடுவதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் க்ரூன்ஹைடெயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. பெர்லினுக்குக் கிழக்கே, பிராண்டன்பர்க் மாநிலத்தில் சுமார் 300 ஹெக்டேர் பைன் மரத்தோப்பு. இருபது ஆண்டுக்கு முன்பே பிஎம்டபிள்யூவுக்காக அந்த இடத்தைத் தொழிற்பேட்டை நிலமாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். பிஎம்டபிள்யூ 2001-ல் லைப்சிக் நகரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அந்த ஒதுக்கீடு அப்படியே கிடந்ததால்தான் 2019 நவம்பரில் டெஸ்லா சட்டென்று அறிவிக்க முடிந்தது. ஒருவருக்காகப் போட்ட பந்தலில் இன்னொருவர் திருமணம். அறிவித்த பிறகு வரிசையாக வந்தன. முதலில் இரண்டாம் உலகப்போரில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டுகள். பிறகு மரம் வெட்டுவதற்கு நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. 2020 டிசம்பரில், மண்ணுக்குள் உறங்கும் பாம்புகளுக்காகவும் பல்லிகளுக்காகவும் இன்னொரு தடை. ஆலை நிலத்தின் ஒரு பகுதி குடிநீர்ப் பாதுகாப்பு எல்லைக்குள் வருகிறது. ஆலைக்கு வேண்டிய தண்ணீருக்கு வட்டார நீர் வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அதற்கும் வழக்கு. இறுதி அனுமதி வருவதற்கு முன்பே சொந்தப் பொறுப்பில் முன்அனுமதிகளின் பேரில் முழு ஆலையையும் கட்டி முடித்துவிட்டார்கள். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் இடித்துத் தரைமட்டமாக்கவேண்டியிருந்திருக்கும். 2021 கோடையில் தொடங்கவேண்டிய உற்பத்தி 2022 மார்ச்சில்தான் தொடங்கியது.

அதோடும் முடியவில்லை. 2024 பிப்ரவரியில் ஆலையை விரிவாக்க இன்னும் காடு வெட்டலாமா என்று ஊர்மக்களிடம் கேட்டபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்புதான், ஆனால் திட்டத்தைச் சுருக்கவேண்டியதாயிற்று. அடுத்த மாதம் யாரோ மின்கோபுரம் ஒன்றுக்குத் தீ வைத்தார்கள், உற்பத்தி ஏறக்குறைய ஒரு வாரம் நின்றது. இதையெல்லாம் பார்த்து ஜெர்மனிக்கு யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், கைதேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் இனி ஐரோப்பாவில் நிலம் தேடுகிறவர் நீர்வளத் துறையின் வரைபடத்தைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பார். மான்டெரேயிலும் இதே கதைதான். 2022 கோடையில் அந்த நகரத்தின் குழாய்கள் வறண்டன. ஆலைச் செய்தி கசிந்ததும் அன்றைய மெக்சிகோ அதிபர் லோபஸ் ஓப்ரடோர் தண்ணீர் இல்லாத ஊரில் அனுமதி கிடையாது என்றார். மறுசுழற்சி செய்த நீரைப் பயன்படுத்துவோம் என்ற பிறகுதான் இறங்கிவந்தார்.

நிலத்தின் பரப்பு பற்றி ஒரு சின்னச் செய்தி. ஆஸ்டினில் டெஸ்லாவுக்கு 2,500 ஏக்கர் இருக்கிறது. ஷாங்காயில் சுமார் 214 ஏக்கர்தான். ஆண்டுக்கு ஒன்பதரை லட்சம் கார்களைச் செய்யும் திறன் அந்தச் சின்ன நிலத்துக்கு இருக்கிறது, பெரிய நிலத்துக்கு அதில் பாதிகூட இல்லை. ஆயிரம் ஏக்கர் ஒதுக்கினோம் என்று பெருமையாக அறிவிக்கும் அமைச்சர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். ஷாங்காயின் பலம், சில மணி நேரத் தொலைவுக்குள்ளேயே பாகம் செய்கிறவர்கள் அடர்ந்திருப்பதும் பக்கத்தில் துறைமுகம் இருப்பதும்.

புதிய ஆலை என்றால் புதிய கட்டடம் என்று நினைக்கவேண்டியதும் இல்லை. டெஸ்லாவின் முதல் ஆலையே பழையது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 முதல் கூட்டாக நடத்தி 2010-ல் மூடிய ஃப்ரீமான்ட் ஆலையை 4.2 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான ரிவியன் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் மிட்சுபிஷி மூடிவிட்டுப் போன ஆலையை 2017-ல் 1.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே நிறுவனம் ஜார்ஜியாவில் 500 கோடி டாலர் ஆலை என்று 2021-ல் அறிவித்து, பணம் இறுகியதும் 2024-ல் வேலையை நிறுத்தி, பிறகு அமெரிக்க அரசின் கடனை நம்பி மீண்டும் கையிலெடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இளம் நிறுவனத்துக்கு எது பொருந்தும் என்று தெரியும். பார்சிலோனாவில் நிசான் 2021-ல் மூடிய ஆலைக்குள் இப்போது சீனக் கார் நிறுவனமான செரி இருக்கிறது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார் ஆலைகள் ஒவ்வொன்றாகக் காலியாகும்போது அவற்றின் மின் இணைப்பும் அனுமதிகளும் அனுபவமுள்ள ஊழியர்களும் அங்கேயே இருக்கிறார்கள். சீன நிறுவனங்கள் இனி வெறும் நிலத்தைவிட அவற்றைத்தான் அதிகம் பார்க்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது சலுகைக்கு வருவோம். நெவாடா 2014-ல் ஐந்து மாநிலங்களின் போட்டியில் வென்றது, 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 125 கோடி டாலர் வரிச்சலுகை கொடுத்து. 2020-ல் டெக்சாஸ் ஆலைக்கு வட்டமும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து கொடுத்த வரிக்கழிவு ஆறு கோடி டாலரை ஒட்டித்தான். இருபதில் ஒரு பங்கு. அந்தப் போட்டியில் ஓக்லஹோமாவின் டல்சா நகரம் தன்னிடமிருந்த எண்ணெய்த் தொழிலாளியின் பிரமாண்டச் சிலைக்கு மஸ்க்கின் முகத்தை வரைந்து டெஸ்லா சட்டையும் போட்டுவிட்டது. ஆலை ஆஸ்டினுக்குப் போனது. பொறியாளர்கள் அங்கே குடியேற விரும்புவார்களா என்பது சிலையைவிடப் பெரிய காரணம். ஆனால் சலுகை வேறொரு வகையில் கடிக்கும். வாங்குகிறவருக்கும் செய்கிறவருக்கும் தரும் மானியம் மாறினால் எந்திரங்கள் கண்டம் தாண்டும். 2022-ல் அமெரிக்காவின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் உள்ளூர் பேட்டரிக்கு மானியம் தந்ததும் க்ரூன்ஹைடெயில் முழுமையாகச் செய்யவிருந்த செல்களின் முன்னுரிமையை டெஸ்லா அமெரிக்காவுக்கு மாற்றியது. அதே சட்டத்தின் 7,500 டாலர் வாகனச் சலுகை 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்துபோனது.

உரிமையாளரின் விருப்பம் என்று ஒரு காரணமும் உண்டு, அதைக் கணக்குப் புத்தகத்தில் தேடக்கூடாது. லூசிட் என்ற அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனத்தின் பெரும்பங்கு சவுதி அரசின் முதலீட்டு நிதியிடம் இருக்கிறது. 2023-ல் சவுதியில் ஆலை வந்தது, ஆண்டுக்கு 5,000 கார்களைப் பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டும் அளவில்.

இந்தியா பற்றி எப்படியும் கேட்பீர்கள். டெஸ்லாவைப் பொறுத்தவரை மதில் இருந்தது, உள்ளே ஆலை முளைக்கவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு வாசல் வைத்தது. 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்து மூன்று ஆண்டில் உற்பத்தி தொடங்கினால், 35,000 டாலருக்கு மேற்பட்ட கார்களை ஆண்டுக்கு 8,000 வரை 15 சதவீத வரியில் இறக்கலாம். அந்த ஏப்ரலில் டில்லி வருவதாக இருந்த மஸ்க் கடைசி நேரத்தில் பயணத்தை ஒத்திப்போட்டு, சில நாளில் பெய்ஜிங்கில் இறங்கினார். 2025 ஜூனில் அமைச்சர் குமாரசாமி, டெஸ்லாவுக்கு ஷோரூம் திறப்பதில்தான் ஆர்வம் என்றார். ஜூலையில் மும்பையில் ஷோரூம் திறந்தது. மதில் மட்டும் போதாது, அதன் உட்புறம் அந்த விலைக்கு வாங்குகிற கூட்டமும் இருக்கவேண்டும். மலிவுக் கார் செய்கிறவருக்குக் கணக்கு வேறு. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் வட கரோலினாவில் 2022-ல் அறிவித்த ஆலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தூத்துக்குடி ஆலையை 2025 ஆகஸ்டில் திறந்தது.

டெஸ்லாவிடமிருந்து அடுத்து என்ன எதிர்பார்க்கலாம்? கார் ஆலை என்றால் இருக்கிற வேலிக்குள்ளேயே கூடுதல் கட்டடங்கள். வேலிக்கு வெளியே போவதாக இருந்தால் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரும் பேட்டரிகளுக்கான ஆலைகள். கார் விற்பனை தேங்கியபோதும் அவை வளர்ந்தன. கலிபோர்னியாவின் லாத்ராப்பில் ஒன்று இருந்தது. ஷாங்காயில் 2024 மே மாதம் தொடங்கி 2025 பிப்ரவரியில் உற்பத்திக்கு வந்தது இரண்டாவது. பெயின்ட் பிரிவு இல்லை, தண்ணீர்த் தகராறு குறைவு, ஒன்பது மாதத்தில் எழுந்து நிற்கிறது. புதிய ஊருக்குப் புதிய பலகை வருவதாக இருந்தால், அதில் கார் படம் இருக்காது என்பதே என் பந்தயம்.